ஸ்கேன் செய்த போட்டோவில் கோடு, புள்ளி, சிவப்பு: எது எங்கிருந்து வருகிறது?

பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்குச் சின்னதாக ஒரு ஸ்கேன், பிரிண்ட் கடை. முன்பெல்லாம் ஆதார், ரேஷன் கார்டு, மார்க் ஷீட்தான் கண்ணாடிமேல் ஏறும். சில வருடங்களாகப் பழைய போட்டோக்கள் நிறைய வருகின்றன. குத்துச்சண்டை பழகின கிளப்புக்கு ஒரு வலைத்தளம், மில் தொழிலாளர் குடும்பங்கள் சேர்ந்து போடுகிற வலைத்தளம், தாத்தா நடத்தின கடைக்கு ஒரு பக்கம் என்று ஆளாளுக்கு ஒரு தேவை. பலரும் வீட்டில் ஸ்கேன் பண்ணிப் பார்த்து, சரியாக வராமல்தான் என்னிடம் வருகிறார்கள். சொல்கிற குறைகள் திரும்பத் திரும்ப அதேதான். அதனால் கண்ணில் படுகிற குறையை வைத்தே எழுதுகிறேன். உங்களுடையது எதுவோ அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம்.

எந்தக் குறையானாலும் முதலில் ஒரு சோதனை. போட்டோவைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை ஸ்கேன் பண்ணுங்கள். குறை போட்டோவோடு சேர்ந்து திரும்பினால் அது போட்டோவில் இருக்கிறது. போட்டோ திரும்பியும் குறை அதே இடத்தில் நின்றால் கண்ணாடியிலோ மெஷினிலோ இருக்கிறது. ஸ்கேனில் நன்றாக இருந்து, வலைத்தளத்தில் ஏறின பிறகு மட்டும் தெரிந்தால் ஃபைலில் இருக்கிறது. இந்த மூன்றையும் பிரிக்காமல் நேராக எடிட்டிங்கில் உட்கார்ந்தால், கண்ணாடியில் கிடந்த ஒரே ஒரு தூசியை நூறு படத்தில் நூறு தடவை அழித்துக்கொண்டிருப்பீர்கள்.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி

கண்ணாடிதான். மெஷினை அணைத்துவிட்டு, கண்ணாடி துடைக்கிற மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். திரவம் வேண்டுமானால் துணியில் தெளித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிமேல் நேராகத் தெளித்தால் ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். பிறகு அந்தக் கறையைத் துடைக்க மெஷினையே பிரிக்க வேண்டும். மூடியின் உள்பக்கத்து வெள்ளைப் பலகையையும் துடைத்துவிடுங்கள்.

புள்ளி போட்டோவோடு திரும்பினால், துடைப்பதற்கு முன்னால் ஊதுங்கள். வாயால் வேண்டாம், எச்சில் படும். கேமராக் கடையில் கிடைக்கிற ரப்பர் புளோயரால் ஊதுங்கள். நம் பக்கத்துப் போட்டோக்களுக்கு இது மற்ற ஊர்களைவிட முக்கியம். 2011இல் உயர் நீதிமன்றம் தடுக்கும்வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்தது. ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் ஜன்னல் விளிம்பில் படிந்த கருப்புத் தூளைத் துடைக்காத வீடு கிடையாது. அந்தத் தூள் ஆல்பத்துக்குள்ளும் போயிருக்கிறது. அது மாவு மாதிரி இருக்காது, பொடி மணல் மாதிரி நறநறவென்று இருக்கும். அதன்மேல் துணியை வைத்து ஒரு இழு இழுத்தால் போட்டோ முழுக்கக் கீறல் விழும். ஊதி, பிறகு மெல்லிய முடியுள்ள பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டிவிட்டு, அதற்கப்புறமும் ஏதாவது இருந்தால் மட்டும் உலர்ந்த துணி.

ஈரம் மட்டும் வேண்டவே வேண்டாம். கடை ஆரம்பித்த புதிதில் ஒரு கல்யாணப் படத்தில், மணப்பெண் கன்னத்தில் ஒரு கறை இருந்தது. ஈரப் பஞ்சால் லேசாக ஒற்றினேன். அது கருப்பு வெள்ளைப் படம், ஸ்டுடியோக்காரர் கையால் வண்ணம் தீட்டியது. கன்னத்து ரோஸ் நிறமும் உதட்டுச் சிவப்பும் பஞ்சோடு வந்துவிட்டன. கறை அப்படியே இருந்தது. அந்தப் படத்துக்கு நெகட்டிவும் கிடையாது. பழைய ஸ்டுடியோப் படங்களில் கண் மை, பொட்டு, நகைப் பளபளப்பு என்று கையால் தொட்ட வேலை நிறைய உண்டு. வண்ணம் தீட்டாத படத்தில்கூட வெள்ளைப் புள்ளிகளைச் சாயத்தால் மறைத்திருப்பார்கள். கறையை ஸ்கிரீனில் அழித்துக்கொள்ளலாம்.

நீளவாக்கில் ஒரே நேர்க்கோடு

ஸ்கேனர் ஒவ்வொரு முறையும் ஓடத் தொடங்குமுன், உள்ளே ஒரு முனையில் ஒட்டியிருக்கிற வெள்ளைப் பட்டையைப் பார்த்து 'இதுதான் வெள்ளை' என்று கணக்கு வைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரு தூசி இருந்தால், தூசிக்கு நேரான வரிசை முழுவதும் கணக்குத் தப்பி, படத்தின் தலையிலிருந்து கால்வரை ஒரு கோடு விழும். லைட் கிளம்புகிற முனையில், கண்ணாடியின் ஓரம்வரை நன்றாகத் துடையுங்கள். பெரும்பாலும் அதோடு போய்விடும். போகாவிட்டால் தூசி கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

மேலே தாளை அடுக்கிவைத்தால் தானே இழுத்துக்கொள்கிற ஃபீடரில் வந்த கோடு என்றால், குறுகலான ஒரு கண்ணாடிப் பட்டை தனியாக இருக்கும், அதைத் துடையுங்கள். ஆனால் பழைய போட்டோவை ஃபீடரில் போடவே போடாதீர்கள். ரோலர் இழுக்கிற இழுப்பில் மடிந்த மூலை கிழியும், பசை இருந்தால் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

முகம் வெளுத்துப்போய், சட்டை வெறும் வெள்ளையாக

இதைப் பலர் குறை என்றே எண்ணுவதில்லை, 'பளிச்சென்று வந்திருக்கிறதே' என்று சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய குறை.

பெரம்பூரிலிருந்து ஒரு ஆயா, பேரனோடு வந்தார். 1996இல் மூடின பின்னி மில்லில் அவர் வீட்டுக்காரர் வேலை பார்த்தவர். டிபார்ட்மெண்ட் ஆட்கள் நாற்பது பேருக்குமேல் வரிசையாக நிற்கிற குரூப் போட்டோ, தடித்த அட்டையில் ஒட்டியது. பேரன் வீட்டில் ஏற்கெனவே ஸ்கேன் பண்ணி டேப்லெட்டில் வைத்திருந்தான். மூன்றாவது வரிசையைப் பெரிதாக்கிக் காட்டினான். ஆயா பார்த்துவிட்டு, "இவரு இவ்ளோ வெளுப்பா இருக்க மாட்டாருப்பா. நல்ல கருப்பு. இது வேற யாரோ மாதிரி கீது" என்றார். அட்டையில் இருந்த அசலில் அவர் சரியாகத்தான் இருந்தார். கருத்த முகம், அதில் நெற்றி மேட்டில் மட்டும் வெயில் பட்ட ஒரு ஒளி, வெள்ளைச் சட்டையில் பாக்கெட் மடிப்பு, பேனாவின் கிளிப். ஸ்கேனில் நெற்றி ஒளியும் இல்லை, பாக்கெட்டும் இல்லை.

காரணம் ஆட்டோ. ஸ்கேனர் மென்பொருளில் 'ஆட்டோ எக்ஸ்போஷர்', 'ஆட்டோ டோன்' என்று ஏதாவது ஒரு பெயரில் தானாகவே ஆன் ஆகியிருக்கும். அது மொத்தப் படத்தையும் பார்க்கும். நாற்பது கருத்த முகங்கள், பின்னால் நிழலான கட்டிடம். இருட்டு அதிகம் என்று முடிவு பண்ணி நடுத்தர அடர்த்தியை எல்லாம் தூக்கிவிடும். நம் மனிதர்களின் முகங்கள் அந்த நடுவிலும் அதற்குக் கீழேயும்தான் இருக்கின்றன. முகம் ஏறும்போது, ஏற்கெனவே உச்சியில் இருந்த வெள்ளைச் சட்டை 255ஐ (முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 255 என்பது கணக்கு) தொட்டு அங்கேயே முட்டிக்கொள்ளும். 255க்கு மேல் எண் கிடையாது. முட்டின இடத்தில் மடிப்பும் இல்லை, பட்டனும் இல்லை. பிறகு எடிட்டிங்கில் எவ்வளவு இருட்டாக்கினாலும் சட்டை சாம்பல் நிறமாகுமே தவிர, பாக்கெட் திரும்பி வராது.

எனவே எல்லா ஆட்டோவையும் அணையுங்கள். ஹிஸ்டோகிராம் பெட்டியைத் திறந்தால் மலை மாதிரி ஒரு வரைபடம் தெரியும், இடது முனை இருட்டு, வலது முனை வெளிச்சம். இடது முக்கோணத்தை மலை தொடங்குகிற இடத்துக்குச் சற்று வெளியே வையுங்கள், வலது முக்கோணத்தை மலை முடிகிற இடத்துக்குச் சற்று வெளியே. மிக வெளுத்த இடம் 245, 250க்குள் நிற்கட்டும். நடு முக்கோணத்தைத் தொடாதீர்கள். ஸ்கேன் கொஞ்சம் சோகையாகத் தெரியும், பரவாயில்லை, விவரமெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. பிறகு எடிட்டரில் வளைகோட்டால் வெளிச்சத்தை ஏற்றி இறக்குகிற கர்வ்ஸில், அசலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்ல ஏற்றுங்கள். சிவப்பாக்குவது, முகத்தை மழமழவென்று ஆக்குவது என்று மொபைல் ஆப்களில் இருக்கிற பட்டன்களைப் பழைய படத்தில் தொடாதீர்கள். அந்த மனிதர் எந்த நிறத்தில் இருந்தாரோ அந்த நிறத்தில்தான் வலைத்தளத்திலும் இருக்க வேண்டும்.

கலர் படம் முழுக்கச் சிவந்துபோய்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எடுத்த கலர் பிரிண்ட்களில் இது சகஜம். கலர் பிரிண்டில் சியான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாயங்கள் உண்டு. அக்காலத்துப் பேப்பர்கள் பலவற்றில் சியான்தான் சீக்கிரம் மங்கியது, மீதி இரண்டும் நின்றதால் எல்லாம் செங்கல் நிறமாகிவிட்டது. ஹாலில் வெயில் படுகிற சுவரில் மாட்டியிருந்த படத்தில் வேறு சாயம் முதலில் போயிருக்கலாம், அப்போது நீலம் தூக்கலாகத் தெரியும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்.

படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறப் படலமாகப் பதிவாகும், ஒவ்வொன்றும் ஒரு சேனல். சேனலுக்கு 16 பிட், அதாவது '48 பிட் கலர்' என்று தேர்ந்தெடுத்து ஸ்கேன் பண்ணுங்கள். கிம்ப் என்கிற இலவச மென்பொருளிலோ வேறு எடிட்டரிலோ, அதே மலையும் முக்கோணங்களும் உள்ள லெவல்ஸைத் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலையும் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றிலும் மலையின் இரு முனைக்கும் முக்கோணங்களைக் கொண்டுவாருங்கள். பாதி நிறம் அப்போதே திரும்பிவிடும். மீதிக்கு, உண்மையான நிறம் உங்களுக்குத் தெரிந்த ஒரு பொருளைப் படத்தில் தேடுங்கள். வெள்ளை வேட்டி, எவர்சில்வர் குடம், சிமெண்ட் தரை. அது சாயம் இல்லாத வெள்ளையாகவோ சாம்பலாகவோ வரும்வரை நடு முக்கோணத்தை நகர்த்துங்கள். கனகாம்பரத்தையும் பட்டுப் புடவையையும் வைத்துச் சரிபார்க்காதீர்கள், அவை என்ன நிறம் என்று வீட்டுக்குள்ளேயே சண்டை வரும். ஒரு சாயம் முழுக்கப் போய்விட்ட இடத்தில் நிறம் திரும்பாது. அப்படிப்பட்ட படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் போடுவது கௌரவமாக இருக்கும்.

கருப்பு வெள்ளைப் படத்தில் மஞ்சள் கறை, நீலப் பளபளப்பு

கருப்பு வெள்ளைப் படத்தை 'கிரேஸ்கேல்' என்று வைத்து ஸ்கேன் பண்ணாதீர்கள். கலரிலேயே பண்ணுங்கள். மஞ்சள் கறை நீலச் சேனலில்தான் அழுத்தமாகத் தெரியும், சிவப்புச் சேனலில் ஏறக்குறைய மறைந்துவிடும். சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துக் கருப்பு வெள்ளையாக்கினால் பல கறைகள் ஒரு சொட்டு எடிட்டிங் இல்லாமல் போய்விடும்.

இருண்ட இடங்களில், சாய்த்துப் பார்த்தால் ஆடி மாதிரி மின்னுகிற நீலச் சாயல், படத்திலுள்ள வெள்ளி காலப்போக்கில் மேலே வந்து படிவதால் உண்டாவது. ஈரக்காற்று அதை வேகப்படுத்தும், கடலோர வீடுகளில் கேட்கவே வேண்டாம். தேய்த்தால் படமே போய்விடும். படத்தை 90 டிகிரி திருப்பி வைத்துப் பாருங்கள், ஸ்கேனர் லைட் படுகிற கோணம் மாறும்போது சில சமயம் குறையும். சிவப்புச் சேனல் இதற்கும் கொஞ்சம் உதவும்.

படம் முழுக்கத் தேன்கூடு மாதிரி பொடிப்பொடியாக

அது பேப்பரின் சொரசொரப்பு. ஒரு காலத்தில் விரல் ரேகை விழாமல் இருக்க லேபில் விரும்பிப் போட்டுக் கொடுத்த சில்க் ஃபினிஷ். ஸ்கேனர் லைட் ஒரு பக்கத்திலிருந்து அடிப்பதால், ஒவ்வொரு மேட்டிலும் ஒரு மினுக்கும் பின்னால் ஒரு நிழலும் விழுகிறது. நேராக ஒரு முறை, தலைகீழாக ஒரு முறை ஸ்கேன் பண்ணி, இரண்டாவதைத் திருப்பி முதலாவதன்மேல் லேயராகப் பொருத்தி, மேல் லேயரின் அடர்த்தியை 50 சதவீதமாக்குங்கள். ஒன்றில் மினுக்கு விழுந்த பக்கம் மற்றதில் நிழல் விழுந்திருக்கும், இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு தணிக்கும். பொருத்துவதற்குப் பொறுமை வேண்டும். கண்ணின் கருவிழியை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். மங்கலாக்கிச் சரிபண்ணுகிற வழி வேண்டாம், அதில் முகமும் சேர்ந்து போய்விடும்.

செய்தித்தாள், நோட்டீஸ் படத்தில் அலை அலையாக

அச்சிட்ட படம் பொடிப் புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளி வரிசையும் ஸ்கேனரின் புள்ளி வரிசையும் மோதினால் அலை தோன்றும். மென்பொருளில் இந்த அலையைக் குறைக்கிற 'டிஸ்கிரீன்' இருந்தால் ஆன் பண்ணுங்கள். இல்லாவிட்டால் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்து, புள்ளி கரைகிற அளவுக்கு மட்டும் மங்கலாக்கி, பிறகு சிறிதாக்குங்கள். நிஜப் போட்டோவுக்கு டிஸ்கிரீன் வைக்காதீர்கள், கூர்மை போகும். பின்பக்கத்து எழுத்து தெரிந்தால் தாளுக்குப் பின்னால் கருப்புச் சார்ட் ஒன்றை வைத்து மூடியை மூடுங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

ஒரு பக்கம் கூர்மை, ஒரு பக்கம் மங்கல்

போட்டோ சுருண்டு கண்ணாடியைத் தொடாமல் நிற்கிறது. யுஎஸ்பியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்கிற ஒல்லியான ஸ்கேனர்களில் இது அதிகம். கண்ணாடிமேல் அழுந்தியிருப்பதை மட்டுமே கூர்மையாகப் பார்க்கும், சற்று உயர்ந்தாலும் மங்கும். உள்ளே விளக்கும் ஆடியும் லென்ஸும் உள்ள பழைய தடித்த சிசிடி வகை சில மில்லிமீட்டர்வரை தாங்கும். சுருண்ட படத்தைச் சுத்தமான வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களோடு சில நாள் விடுங்கள். கையால் எதிர்ப்பக்கம் வளைத்தால் மேற்பூச்சு விரிசல் விடும்.

ஆயாவின் அட்டைப் படம் மாதிரி அட்டையே வளைந்திருந்தால் ஸ்கேனரை மறந்துவிடுங்கள். அதை நான் மேஜையில் படுக்கவைத்து, இரு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு வைத்து, மேலிருந்து கேமராவில்தான் எடுத்தேன். சுவரில் பூ போட்டு மாட்டியிருக்கிற, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்துக்கும் இதே வழிதான். ஃபிரேமைக் கழற்றிவிட்டுப் படத்தைப் பிரித்து எடுக்க முயன்றால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இருக்கிற குங்குமம், சந்தனத்தைத் துடைக்க வீட்டாரிடம் கேட்டுவிட்டுத் துடையுங்கள். சில வீடுகளில் அவர்களே துடைத்துத் தருவார்கள், அப்படியே விட்டுவிடுங்கள். கேமராவின் பிம்பம் கண்ணாடியில் விழாமல் இருக்க, நடுவில் லென்ஸ் அளவு ஓட்டை போட்ட கருப்புத் துணியைக் கேமராவுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை

ஒட்டும் கோடு போட்ட பக்கம், மேலே பிளாஸ்டிக் தாள் உள்ள ஆல்பம்தானே? பிளாஸ்டிக்கை மெல்ல உரித்துவிட்டு, முதலில் பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் பண்ணி ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பிறகு பல் இடுக்கில் விடுகிற நூலைப் போட்டோவுக்கு அடியில் கொடுத்து, ரம்பம் அறுப்பது போல ஓரத்திலிருந்து மெதுவாக. வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், பக்கத்தோடு எடுத்த ஸ்கேன் கையில் இருக்கிறது.

2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நனைந்து கட்டையாக ஒட்டின போட்டோக் கட்டுகளைக் கொண்டுவந்தார்கள். இன்னும் ஈரமாக இருந்தால் காயவிடாதீர்கள். லேபில் போட்ட போட்டோவானால் சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு, தானாகப் பிரிவதை மட்டும் பிரித்து, படம் மேலே தெரிய நிழலில் காயவையுங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டை நீரில் போடக்கூடாது, கரைந்துவிடும். காய்ந்து ஒட்டிவிட்டதைக் கையால் பிரிக்காதீர்கள்.

ஸ்கேன் நன்றாக இருக்கிறது, வலைத்தளத்தில் மட்டும் மோசம்

மங்கலாக இருக்கிறதா? எத்தனை பிக்சல் என்று பாருங்கள். 4க்கு 6 அங்குலப் படம் 300 டிபிஐயில் 1200க்கு 1800 பிக்சல். வலைத்தளத்துக்கு இதுவே தாராளம். நான் 600இல் எடுப்பது பிறகு வெட்டவும் பெரிதாக்கவும் வசதியாக இருக்கட்டும் என்றுதான். ஸ்டாம்ப் சைஸ் படத்தை 300இல் எடுத்தால் ஏறக்குறைய 240க்கு 300தான் வரும், அதை 1200இல் எடுங்கள். பெட்டிமேல் போட்டிருக்கிற 9600, 19200 எல்லாம் பெரும்பாலும் மெஷின் கற்பனையில் நிரப்புகிற புள்ளிகள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி வாங்கின படமா? அது வழியிலேயே அமுங்கிவிட்டது. அனுப்புகிறவரை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

நிறம் போனில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று என்று மாறினால், சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபி புரொஃபைலுக்கு (வலைத்தளங்களுக்குப் பொதுவான நிற அளவுகோல்) மாற்றாமல் விட்டிருக்கலாம். பக்கம் திறக்க நேரமானால் மாஸ்டரையே, அதாவது ஸ்கேன் பண்ணின முழு ஃபைலையே ஏற்றியிருக்கிறீர்கள். 4க்கு 6 படம் 600 டிபிஐயில், சாதாரண 24 பிட் டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கிற ஃபைல் வகை) ஆக ஏறக்குறைய 26 எம்பி வரும், 48 பிட்டானால் இரண்டு மடங்கு. அது வீட்டில் இருக்க வேண்டியது. அதிலிருந்து நீளப்பக்கம் 1600 பிக்சலாகச் சிறிதாக்கி, கடைசியாக லேசாகக் கூர்மையாக்கி, ஜேபெக் தரம் 80லிருந்து 85க்குள் சேமித்தால் பெரும்பாலும் சில நூறு கேபியில் முடியும். திருத்தம் வேண்டுமென்றால் மறுபடி டிஃப்பைத் திறங்கள். ஜேபெக்கைத் திறந்து திருத்திச் சேமிக்கச் சேமிக்க முகத்தைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி அழுக்கு சேரும்.

ஒன்று விட்டுப்போச்சு. குரூப் போட்டோவின் அட்டையைச் சுத்தமாக இருக்கட்டும் என்று ஸ்கேனில் வெட்டிவிடாதீர்கள். ஆயாவின் பேரன் வீட்டில் எடுத்த ஸ்கேனில் வெட்டியிருந்தான். அசல் அட்டையில் கீழே மூன்று வரியில் அத்தனை பேருடைய பெயரும் இனிஷியலோடு அச்சாகியிருந்தது, ஓரத்தில் ஸ்டுடியோவின் முத்திரை. அட்டையோடு முழுசாக ஒரு மாஸ்டர் எடுத்தேன். வலைத்தளத்துக்குப் படம் தனியாக, பெயர்ப் பகுதி தனியாகப் பெரிதாக. பிறகு அந்தப் பெயர்களை வரிசை வாரியாகப் படத்துக்குக் கீழே எழுத்தாகவே தட்டச்சு பண்ணச் சொன்னேன். படத்துக்குள் இருக்கிற பெயரைத் தேடுபொறி எப்போதும் படித்துவிடும் என்று நம்ப முடியாது. பேரன் தட்டிக்கொண்டே வந்தான், இடமிருந்து வலமாக. ஒரு பெயரில் எழுத்து அழிந்திருந்தது. ஆயா குனிந்து அசலைப் பார்த்து, "அது எங்க எதிர் வூட்டு அண்ணன், எழுதுப்பா" என்று பெயரைச் சொன்னார்.